செட்டித் தெருவில் ஒரு மேசை

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில், ஒரு செட்டியார் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். உலோகத்தில் வார்த்த உருவம். முன்னால் ஒரு தாழ்ந்த மேசை. செர்ன் லியன் ஷான் என்ற சிற்பி 2002-இல் செய்த தொகுதி அது; ‘செட்டியார்கள் முதல் நிதியாளர்கள் வரை’ என்று பெயர். அந்த வழியாகப் போகிற சுற்றுலாப் பயணிகள் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

என்னோடு அங்கே வந்த மதுரைத் தம்பி ஒருவர் குனிந்து அந்த மேசையைத் தொட்டுப் பார்த்தார். “இவரு எந்தக் கம்பெனில கணக்குப்பிள்ளைண்ணே?”

“கணக்குப்பிள்ளை இல்ல தம்பி. இவருதான் கம்பெனி.”

“அப்ப ஆபீஸ்?”

“இந்த மேசைதான் ஆபீஸ். இதே மாதிரி மேசை ஒரே கூடத்துல வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனி.”

தம்பி மென்பொருள் எழுதுகிறவர். வேலையை விட்டுவிட்டு நண்பர் ஒருவரோடு சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறார். நகரத்தில் ஒரு கோவொர்க்கிங் கூடத்தில் மாதவாடகைக்கு மேசை பிடித்திருக்கிறார். கொஞ்ச நேரம் செட்டியாரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அப்ப இவரும் என்னை மாதிரிதான்.”

ஆமாம் என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்த இடைவெளியைத்தான் இந்தக் கட்டுரையில் அளந்து பார்க்கப் போகிறேன்.

கோவொர்க்கிங் என்ற ஏற்பாட்டுக்குச் சொல்லப்படுகிற பிறந்த கதை 2005-இல், சான் பிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது. பிராட் நியூபெர்க் என்ற நிரலர், தனியாக வேலை செய்யும் சுதந்திரமும் வேண்டும், கூட நாலு பேர் இருக்கிற அலுவலகச் சூழலும் வேண்டும் என்று நினைத்து, ஓர் இடத்தில் வாரத்துக்குச் சில நாள் மேசைகளைப் போட்டு மற்றவர்களை வரச்சொன்னார். அங்கிருந்து அது உலகமெல்லாம் பரவியது. சிங்கப்பூரில் 2011-இல் ஜஸ்ட்கோ தொடங்கியது. 2012-இல் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் தி ஹப் வந்தது. பிறகு அது லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள பிரின்செப் ஸ்திரீட்டுக்கு மாறியது. 2017 டிசம்பரில் வீவொர்க் பீச் ரோட்டில் கடை திறந்தது. இது எல்லாரும் சொல்லும் வரலாறு. இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கதையைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தொடங்குவது எனக்கு உறுத்துகிறது. இந்த ஊரில் ஒரு கூடம், பல முதலாளிகள், ஒரே சமையலறை என்ற ஏற்பாடு நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. நடத்தியவர்கள் நம் ஆட்கள்.

செட்டியார்களான நாட்டுக்கோட்டை நகரத்தார் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது 1820களில். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கு, மலாக்கா என்று இறங்கி ஏறி வந்தவர்கள் ஆற்றுக்குத் தெற்கே மார்க்கெட் ஸ்திரீட்டில் கூடினார்கள். தமிழர் வாயில் அந்தத் தெருவுக்குப் பெயரே செட்டித் தெரு. அங்கிருந்த நீண்ட கடைவீடுகளைக் கிட்டங்கி என்றார்கள். சரக்குக் கிடங்கைக் குறிக்கும் சொல்தான். ஆனால் இங்கே இருந்த சரக்கு பணம்.

ஒரு கிட்டங்கிக்குள் நுழைந்தால் வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே கூடம். இரு பக்கமும் ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாய் அகலம் இடம், ஒரு தாழ்ந்த மேசை, பின்னால் அலமாரியோ இரும்புப் பெட்டியோ. அந்த இடத்துக்குப் பெட்டியடி என்று பெயர். ஒரு பெட்டியடிக்கும் அடுத்த பெட்டியடிக்கும் நடுவே சுவர் கிடையாது, திரை கிடையாது. ஆனால் இரண்டும் வேறு வேறு தொழில். வேறு முதல், வேறு லாபம், வேறு நட்டம். நிறுவனத்தை ‘விலாசம்’ என்று சொல்வார்கள். தாத்தா பெயர், அப்பா பெயர் இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து வரும் அந்த நாலைந்து எழுத்துகள்தான் ஒருவரின் கடைப்பெயர், ஜாமீன், மானம் எல்லாம்.

விலாசக்காரர் பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். சிங்கப்பூரில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பதின்ம வயதுகூட நிறைந்திருக்காது. மேலாள் மூன்று வருடத் தவணைக்கு வருவார். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போவார், அடுத்தவர் வருவார். பையன் காலையில் கூடம் பெருக்குவான், தபால் கொண்டுபோவான், குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்குக் கணக்கு ஏற்றப் பழகுவான். மாகாணி, முந்திரி வரைக்கும் பின்ன வாய்ப்பாடு மனப்பாடம். வட்டியை விரலில் போட்டுச் சொல்வான். எல்லாம் தெரிந்த பிறகுதான் ஐந்தொகை எடுக்க விடுவார்கள். ஐந்தொகை என்பது இன்று நாம் இருப்புநிலைக் குறிப்பு என்று சொல்வதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர். எவ்வளவு நல்ல சொல்! பாடப்புத்தகங்களில் இன்றும் அதைப் பயன்படுத்தலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மதியம் ஒரே அடுப்பில் சமையல். சமையல்காரர் சம்பளத்தை எல்லா விலாசமும் பங்கு போட்டுக் கொடுத்தன. இரவில் பலர் அங்கேயே மாடியில் படுத்துக்கொண்டார்கள். காலையில் போட்டிபோட்டு ஒரே வாடிக்கையாளரைத் தேடுகிற இருவர், மதியம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நான் மிக முக்கியமாக நினைப்பது இங்கேதான் வருகிறது. அந்தப் பந்தியில் செய்தி பரிமாறப்பட்டது. எந்தக் கடைக்காரர் தவணை தவறினார், எந்த ரப்பர்த் தோட்டம் கைமாறப் போகிறது, வெள்ளீயத்தின் விலை எந்தப் பக்கம் போகிறது என்று வாசலில் நுழைந்த சேதி மாலைக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். ஒருவரை ஏமாற்றியவர் அடுத்த பெட்டியடியில் போய்க் கடன் கேட்க முடியாது. பெரிய தொகை என்றால் இரண்டு மூன்று விலாசம் சேர்ந்து கொடுக்கும். ஒருவருக்குக் கையிருப்பு குறைந்தால் பக்கத்துப் பெட்டியிலிருந்து கைமாற்று வரும். சச்சரவு வந்தால் கோயிலில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வார்கள். 1859-இல் டேங்க் ரோட்டில் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் வழிபாட்டுக்கு மட்டும் இருந்த இடம் இல்லை. அங்கே கொடுத்த வாக்கை மீறினால் மார்க்கெட் ஸ்திரீட்டில் தொழில் நடத்த முடியாது.

இந்தக் கூடங்களிலிருந்து போன பணத்தில்தான் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சீனர் மளிகைக் கடைகளும் வளர்ந்தன. ஐரோப்பிய வங்கிகள் சிறு வியாபாரியை ஏறெடுத்துப் பார்க்காத காலம். அந்த வங்கிகளிடம் செட்டியார் மொத்தமாக வாங்கினார். வங்கிக்குள் நுழையக் கூச்சப்பட்ட ஆளுக்குச் சில்லறையாகக் கொடுத்தார். இடையில் இருந்த வட்டிதான் லாபம். அந்த வட்டி பல குடும்பங்களை அழ வைத்ததும் உண்மை, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நிலத்தை ஈடு வைத்து இழந்தவர்களின் கதைகள் மலாயாவிலும் பர்மாவிலும் ஏராளம்.

1930களின் பொருளியல் மந்தம், பிறகு ஜப்பானியர் ஆட்சி, பிறகு வங்கிகளின் வளர்ச்சி, கடன் சட்டங்கள் என்று ஒவ்வொன்றாக வந்து கிட்டங்கிகளை மெலிய வைத்தன. நகரச் சீரமைப்பில் கடைவீடுகளும் போயின. மார்க்கெட் ஸ்திரீட்டில் 1984-இல் கோல்டன் ஷூ என்ற பெரிய கார் நிறுத்தக் கட்டடம் வந்தது. அதையும் 2017-இல் மூடி இடித்தார்கள். இப்போது அங்கே, 88 மார்க்கெட் ஸ்திரீட்டில், 51 மாடியில் 280 மீட்டர் உயரத்துக்குக் கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. கீழே உணவங்காடி நிலையம், நடுவில் ஒரு தொங்கும் தோட்டம், மேலே அலுவலகங்கள். அந்த அலுவலகங்களுக்கு நடுவே, மேசையை மாத வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கோவொர்க்கிங் நிறுவனமும் இருக்கிறது.

அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று தம்பிக்கு இதைச் சொன்னபோது அவருக்குச் சிலிர்த்தது. எனக்கும்தான். தெரு தன் பழைய தொழிலை மறக்கவில்லை போல என்றார்.

அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் கோலியர் கீ. பழைய ஹாங்காங் ஷாங்காய் வங்கிக் கட்டடம், 21-ஆம் எண். செட்டியார்கள் ஐரோப்பிய வங்கிகளிடம் மொத்தக் கடன் வாங்க நடந்துபோன பாதை இந்தப் பக்கம்தான். வங்கி இடம்பெயர்ந்த பிறகு அந்தக் கட்டடம் முழுவதையும் வீவொர்க் குத்தகைக்கு எடுத்தது. அதே வீவொர்க் அமெரிக்காவில் 2023 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு மீண்டு வந்தது. மொத்தமாக நீண்டகாலக் குத்தகை எடுத்து, சில்லறையாக மாதக்கணக்கில் விடுவதுதான் அதன் தொழில். அமைப்பில் இது செட்டியார் செய்த அதே இடைத்தரகு. ஒரு வித்தியாசம்: செட்டியார் தன் கடனாளியின் கடை வாசலுக்குப் போய் வந்தவர். அவர் வீட்டில் கல்யாணம் எப்போது, மகன் படிக்கிறானா ஊதாரியா என்று தெரிந்தவர். மேசை வாடகைக்கு விடுகிற பெருநிறுவனத்துக்குத் தன் மேசையில் இருக்கிறவர் என்ன தொழில் செய்கிறார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. கிருமிப்பரவல் ஓய்ந்த பிறகு, வீட்டில் எழுத முடியாமல், நகரத்தில் ஒரு கோவொர்க்கிங் கூடத்தில் மூன்று மாதம் மேசை எடுத்தேன். அழகான இடம். நல்ல காப்பி. செடிகள். சுவரில் ‘சமூகம்’ என்று பொருள்படும் வாசகம் பெரிய எழுத்தில். மூன்று மாதமும் எனக்கு இடப்பக்கம் ஒரே பெண்தான் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அவர் மேசை காலியாக இருந்தது. மறுநாளும். நான் வரவேற்பில் கேட்டபோது, அவருடைய உறுப்பியம் முடிந்துவிட்டது என்றார்கள். தொழில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்தும் அவர் என்ன விற்றார் என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை. இருவர் காதிலும் எப்போதும் காதொலிப்பான். அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு சரியில்லை. கிட்டங்கியில் ஒரு பெட்டியடி காலியானால் கூடத்துக்கே தெரிந்திருக்கும். எதனால், எவ்வளவு பாக்கி, பையன் எங்கே போவான் என்பது வரை.

இதற்கு அந்த நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இடம் கொடுக்கத்தான் அவர்கள் பணம் வாங்கினார்கள். பழக்கம் கொடுக்க யாராலும் முடியாது, அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வேலை.

சாவி யாரிடம்?

எல்லாக் கூடமும் அப்படி இல்லை என்பதற்கு இந்த ஊரிலேயே உதாரணம் உண்டு. 2009-இல் கம்போங் கிளாமின் புசோரா ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் ஹேக்கர்ஸ்பேஸ் தொடங்கியது. நிரலர்களும் மின்னணு ஆர்வலர்களும் மாதச் சந்தா போட்டுத் தாங்களே நடத்திய இடம். முதலாளி கிடையாது, வரவேற்பு மேசை கிடையாது. உறுப்பினர்களே சுத்தம் செய்தார்கள், உறுப்பினர்களே கதவு திறந்தார்கள். சில ஆண்டுகளில் அது லவெண்டர் பக்கம் கிங் ஜார்ஜஸ் அவென்யூவுக்குப் போனது; லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் திருத்தினார். சாலிடரிங் தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்தார். இந்த ஊரின் தொழில்நுட்பக் கூட்டம் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகியது இப்படிப்பட்ட மாடிகளில்தான்.

2011-இல் ஆயர் ராஜாவில் புளோக் 71 உருவானபோதும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. இடிக்க வைத்திருந்த பழைய தொழிற்கூட அடுக்குமாடி அது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவுப் பிரிவும், சிங்டெல்லின் முதலீட்டுப் பிரிவும், அன்றைய ஊடக மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து அதைத் தொடக்க நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டன. சரக்கு மின்தூக்கி, சிமெண்டுத் தரை, குறைந்த வாடகை. முக்கியமான விஷயம், முதலீட்டாளர்களும் அதே கட்டடத்தில் இருந்தார்கள். பணம் கேட்கிறவரும் கொடுக்கிறவரும் கீழே ஒரே காப்பிக்கடையில் வரிசையில் நின்றார்கள். உலகத்திலேயே மிக நெருக்கமாக அடைக்கப்பட்ட தொழில்முனைவுச் சூழல் என்று 2014-இல் எக்கானமிஸ்ட் இதழ் அதைப் பற்றி எழுதியது. நெருக்கம் என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். கிட்டங்கியில் கடன் கொடுக்கிறவரின் பெட்டி அடுத்த பாயில் இருந்தது. புளோக் 71-இல் அடுத்த மாடியில் இருந்தது. கண்ணாடிக் கோபுரத்துக் கோவொர்க்கிங் கூடத்தில் அது எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை.

தொழில் தொடங்க நினைக்கிற தமிழர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மேசையைப் பற்றி இருக்காது. முதல் கேள்வி, சட்டம் என்னை விடுமா என்பது. கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான தகவலால் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிறுவனங்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் ஒரு தனியார் நிறுவனத்தைப் பதிவது எளிது. பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. ஆனால் இங்கேயே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும். ஆறு மாதத்துக்குள் செயலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உள்ளூரில் பதிவு முகவரி வேண்டும், அஞ்சல்பெட்டி எண் செல்லாது. இதனால்தான் பல கோவொர்க்கிங் நிறுவனங்கள் மேசையே இல்லாமல் முகவரி மட்டும் வாடகைக்குக் கொடுக்கின்றன. விலாசம் என்ற சொல்லுக்கு நகரத்தார் வழக்கில் நிறுவனம் என்று பொருள், நம் எல்லார் வழக்கிலும் முகவரி என்று பொருள். இரண்டும் பிரிந்து, பின்னது தனியாக மாத வாடகைக்குக் கிடைக்கிற காலம் இது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருந்தபடியே தொழில் செய்யவும் வழி உண்டு. கேக் செய்வது, தையல், துணைப்பாடம் போன்ற சிறுதொழில்களை வீட்டில் குடியிருப்பவர் தாமே செய்யலாம். வெளியாட்களை வேலைக்கு வைக்கக்கூடாது. வீட்டு அலுவலகத் திட்டத்தில் பதிந்தால் வெளியிலிருந்து இரண்டு பேர் வரை வரலாம். லிட்டில் இந்தியாவில் தீபாவளி நேரத்தில் நாம் வாங்கும் முறுக்கிலும் அதிரசத்திலும் பாதி இப்படிப்பட்ட அடுப்படிகளில் இருந்து வருவதுதான் என்பது என் கணிப்பு.

சார்ந்திருப்போர் அனுமதியில் இருக்கும் மனைவிமார் நிலை வேறு. 2021 மே மாதத்திலிருந்து அவர்கள் வேலைக்குப் போக முறையான வேலை அனுமதி வேண்டும். சொந்தத் தொழில் நடத்துகிறவர்களுக்குத் தனி வழி இருக்கிறது, ஆனால் நிபந்தனை கடுமை. நிறுவனம் என்றால் 30 விழுக்காட்டுப் பங்காவது கையில் இருக்க வேண்டும். உள்ளூர்வாசி ஒருவரையாவது தகுதிச் சம்பளத்தில் வேலைக்கு வைத்து மத்திய சேம நிதி கட்டியிருக்க வேண்டும். பொறியியல் படித்து, சென்னையில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, புங்கோலில் வீட்டோடு இருக்கும் தங்கைகள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. அவர்கள் முதல் ஆளைச் சம்பளத்துக்கு வைக்கும் நாள் வரை உட்கார்ந்து பேச ஓர் இடம், கணக்கு தெரிந்த ஒருவர், முன்பே இந்த வழியில் போய் வந்த இன்னொரு பெண். இந்த மூன்றும் ஒரே கூரைக்குள் கிடைத்தால் பாதிப்பேர் கரையேறிவிடுவார்கள்.

கிட்டங்கியை நான் இவ்வளவு புகழ்ந்தாலும் அந்தக் கூடத்தில் இந்தத் தங்கைகளுக்கு இடம் இருந்திருக்காது. அது ஒரே சாதியின் கூடம், ஆண்களின் கூடம். மனைவிமார் செட்டிநாட்டில் பெரிய வீடுகளில் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். உள்ளே இருந்த நம்பிக்கைக்குக் காரணமே வெளியே இருந்த மதில்தான் என்று யாராவது சொன்னால் என்னால் முழுதாக மறுக்க முடியாது. கேள்வி இதுதான்: மதில் இல்லாமல் அந்த நம்பிக்கையை உண்டாக்க முடியுமா? முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆதாரம் தேக்காவில் இருக்கிறது.

தேக்கா மாடி

தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் மீனும் காய்கறியும் தோசையும் பிரியாணியும். படியேறினால் மேல்தளத்தில் துணிக்கடைகள், அவற்றுக்கு நடுவே தையல்காரர்கள். 1982-இல் கட்டப்பட்ட கட்டடம். பழைய கண்டாங் கர்பாவ் சந்தை எதிரே இருந்த காலம் முதல் இந்த முனையில் வியாபாரம் நிற்கவில்லை. மாடியில் தையல் இயந்திரங்கள் நடைபாதையைப் பார்த்தபடி இருக்கும். ஒரு கடைக்கும் மறு கடைக்கும் நடுவே ஒரு தடுப்புத்தான். தமிழர், வங்காளி, சீனர், மலாய்க்காரர் என்று வாடிக்கையாளர்கள் மாறிமாறி வருவார்கள்.

என் மனைவியின் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். எங்கள் வழக்கமான அக்கா கை நிறைய வேலையோடு இருந்தார். தீபாவளிக்கு மூன்று வாரம். “நாளைக்கே வேணும்னா என்னால முடியாது தம்பி. இருங்க.” தடுப்புக்கு மேல் எட்டி, “அண்ணே, ஒரு ஃபால்ஸ், ஒரு பிகோ, எடுத்துக்கிறீங்களா?” பக்கத்து இயந்திரத்தில் இருந்தவர் தலை தூக்காமலே கையை நீட்டினார். சேலை தடுப்பைத் தாண்டிப் போனது. காசு எவ்வளவு, யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். “என்கிட்டயே குடுங்க, நாங்க பாத்துக்குவோம்.” அக்கா இயந்திரத்தின் இழுப்பறையில் ஒரு சின்ன நோட்டு. அதில் அவருக்கும் பக்கத்துக்காரருக்கும் இடையிலான போக்குவரத்து, தேதியும் தொகையுமாக, பேனாவில். மாதக் கடைசியில் பார்த்துக் கழித்துக்கொள்வார்களாம். போன மாதம் அவர் கொடுக்கணும், இந்த மாதம் நான் கொடுக்கணும் என்றார்.

பேரேடுதான் அது. அளவில் சிறியது.

இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. அக்காவுக்குப் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். அண்ணன் தமிழரே இல்லை. பேசுவது தேக்காத் தமிழ். இருபது வருடம் ஒரே தடுப்புக்கு இரு பக்கமும் உட்கார்ந்ததில் வந்த கணக்கு அது.

இந்த வட்டாரத்தில் தொழில் எப்போதும் இன்னொருவரை ஒட்டித்தான் முளைத்திருக்கிறது. 1822-இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் மூடிய நடைபாதை விடவேண்டும் என்று எழுதிவைத்தார். அந்த ஐந்தடி நடைபாதையில்தான் முடிதிருத்துபவரும், கடிதம் எழுதித் தருபவரும், கச்சான் விற்பவரும், கிளி ஜோசியரும் உட்கார்ந்தார்கள். பின்னால் இருந்த கடைக்காரரின் நிழல், அவர் வாடிக்கையாளர், சில சமயம் அவர் தண்ணீர்க் குழாய் எல்லாம் இவர்களுக்கும் உதவின. சையது ஆல்வி ரோட்டில் பல ஆண்டுகள் இரவு பகலாக விளக்கெரிய நின்ற முஸ்தஃபா சென்டரின் முஸ்தாக் அகமது, அப்பாவின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் கைக்குட்டை விற்றுத்தான் தொடங்கினார். 1971-இல் கேம்பல் லேனில் சின்னத் துணிக்கடை. 1995-இல் அந்தப் பெரிய கட்டடம். தள்ளுவண்டிக்குப் பக்கத்து இரண்டடியை இலவசமாகக் கொடுக்க ஓர் அப்பா இருந்தார். அப்பா இல்லாதவர்களுக்கு அந்த இரண்டடியை யார் கொடுப்பது?

சென்னையில் ஒரு பதில் முயற்சி நடந்திருக்கிறது. 2024 நவம்பரில் கொளத்தூரில் தமிழக அரசு ‘முதல்வர் படைப்பகம்’ என்ற பெயரில் பொதுக் கோவொர்க்கிங் கூடத்தைத் திறந்தது. அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 ரூபாய். மேல்தட்டுப் பகுதியில் இல்லை, வடசென்னையில். ஒரே கட்டடத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் தளம் உண்டு. வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு, மின்விசிறியும் இணையமும் உள்ள ஒரு மேசை என்பது என்ன என்று அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் நூலகங்கள் அருமையாக இருக்கின்றன, இலவச மேசை கிடைக்கும். ஆனால் அங்கே பேசக்கூடாது. தொழில் பேச்சில்தான் பிறக்கிறது. லிட்டில் இந்தியாவில், சமூக மன்றத்திலோ வாரநாளில் காலியாக இருக்கும் கோயில் மண்டபத்திலோ, கொளத்தூர் விலையில் ஒரு கூடம் திறக்கலாம். கிட்டங்கி முறைப்படி அனுபவமுள்ள ஒருவர் அங்கே தினம் உட்கார வேண்டும்; சேருகிற ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை தன் கணக்கை மற்றவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். லிட்டில் இந்தியாவின் கடைக்காரர் சங்கமும், இந்திய வர்த்தக தொழிற்சபையும் மனம்வைத்தால் இதற்குப் பெரிய முதல் தேவைப்படாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ரேஸ் கோர்ஸ் ரோட்டு ஓரம் புல்தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கும் நம் கட்டுமானத் தொழிலாளர்களையும் இதில் சேர்த்துத்தான் யோசிக்கிறேன். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் இங்கே சொந்தத் தொழில் நடத்த முடியாது. ஆனால் அந்த வட்டங்களில் காது கொடுத்தால் கேட்பது பெரும்பாலும் தொழில்தான். ஊருக்குப் போய் ஜேசிபி வாங்கினால் மாதத் தவணை எவ்வளவு, பட்டுக்கோட்டையில் கடை வாடகை என்ன, ஆட்டுப்பண்ணைக்கு எத்தனை குட்டியோடு தொடங்கலாம். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, கைபேசிக் கணிப்பானில் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். மேலாளும் இல்லை, ஐந்தொகை சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. ஐந்து வருட வியர்வையை ஒரே தப்புக் கணக்கில் இழந்தவர்களை எனக்குத் தெரியும். வாரத்தில் ஒருநாள் அவர்களுக்கு அந்தக் கூடம் திறந்திருக்க வேண்டும்.

தம்பியை அடுத்த வாரம் தேக்காவுக்கு அழைத்துப் போனேன். அவர் எழுதுகிற மென்பொருள் சின்னக் கடைகளின் வரவுசெலவுக்கானது. எத்தனையோ கடைக்காரர்களை இணையத்தில் பிடிக்க முயன்றிருக்கிறார். ஒருவர் கடையிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில்லை. அக்காவின் நோட்டைக் காட்டச் சொன்னேன். அக்கா தயங்கவில்லை. தம்பி முக்காலியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். ‘கொ’ என்றால் கொடுக்கணும், ‘வா’ என்றால் வாங்கணும், சுழித்திருந்தால் முடிந்தது என்று அக்கா விளக்கினார். “இதுல ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு இருக்கே அக்கா, அவரு தனியா எழுத மாட்டாரா?” என்று கேட்டார் தம்பி. “எதுக்கு? நான்தான் எழுதுறேனே.”

தம்பி அதைத் தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

கிளம்பும்போது அண்ணன் இயந்திரத்தின் மேல் உறையைப் போட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் போகவேண்டும். முடிந்த ரவிக்கைகளை எண்ணி அக்காவின் மேசையில் வைத்தார். “அஞ்சு மணிக்கு ஒரு சீன அம்மா வரும். பச்சை அவங்களுது.” அக்கா தலையாட்டினார். அண்ணன் கடைச் சாவியைத் தடுப்பின் மேல் வைத்துவிட்டுப் படி இறங்கினார். அக்கா அதை எடுத்துத் தன் சாவிக்கொத்தோடு கோர்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார்.